ஜொக்கிங் காற்சட்டையில் ஒரு மடிப்பு

டுசல்டோர்ஃபில் ஆண்களின் உடுப்புக் கடையொன்றில் வேலை செய்கிறேன். ஜொக்கிங் காற்சட்டையோடும் அலுவலகத்துக்குப் போகலாம் என்று பெரிய பெரிய உத்தியோகக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது. இப்போது சிரிப்பு வருவதில்லை, கால்தான் நோகிறது.

முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் கோட், சூட், கழுத்துப்பட்டி என்று கேட்பார்கள். கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்து பழகியதும் ஆண்களுக்குப் பெல்ட் கட்டுவதே மறந்துவிட்டது. திரும்ப அலுவலகத்துக்கு வா என்று முதலாளி கூப்பிட்டபோது, வயிறு ஒரு பக்கமும் பழைய காற்சட்டை இன்னொரு பக்கமுமாக எங்கள் கடைக்குள் வந்து நின்றார்கள். வசதியாகவும் இருக்கவேண்டும், மரியாதையாகவும் இருக்கவேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

அதற்கு வழி இருக்கிறது. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற றப்பர் இருந்தால் அது மைதானத்துக்கு. கால் நேராக இறங்கினால் அலுவலகத்துக்கு. துணி மினுங்கக்கூடாது, தடிப்பாக விழவேண்டும், கடும் நீலமாகவோ கறுப்பாகவோ இருக்கவேண்டும். இடுப்புக் கயிறு வெளியில் தொங்கினால் எல்லாம் கெட்டது, அதை உள்ளே விட்டுவிட வேண்டும். மேலே ஹூடி போட்டால் கீழே ஒழுங்கான காற்சட்டை, கீழே ஜொக்கிங் என்றால் மேலே கொலர் வைத்த பின்னல் சேட்டு. இரண்டும் ஒன்றாக விளையாட்டு உடுப்பாக இருந்தால் பேக்கரிக்குப் பாண் வாங்க வந்தவர் போல இருக்கும். சப்பாத்து வெள்ளையாக இருக்கலாம், ஆனால் கழுவியிருக்கவேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று எங்கள் ஆட்கள் சொன்னது சப்பாத்துக்கும் பொருந்தும்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று தயங்குகிறவருக்கென்று ஒரு வசனம் வைத்திருக்கிறேன். "பயப்படாதீர்கள், இது ஜொக்கிங் காற்சட்டை என்று ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்" என்பேன். அந்த மனிதரின் தோள் இரண்டும் தளரும். பிறகு அவர் நேராகக் காசு கட்டப் போய்விடுவார். ஒரு நாளில் அந்த வசனத்தை எத்தனை முறை சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. நித்திரையிலும் சொல்கிறேனாம், இவர் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இவர் என் கணவர். ஊருக்கடி உபதேசம் உனக்கில்லையடி கண்ணே என்பதற்கு என் வீட்டிலேயே இருக்கிற அத்தாட்சி.

இவருக்கு ஒரு பாரவண்டிக் கொம்பனியில் வேலை. முதலில் கீழே கொட்டகையில் பெட்டி ஏற்றினார். இப்போது மேலே மேசையில் இருந்துகொண்டு எந்த லொறி எங்கே போவது என்று பார்க்கிறார். பெட்டி ஏற்றிய காலத்திலும் மடிப்பு வைத்த காற்சட்டை, உள்ளே விட்ட சேட்டு, பெல்ட், மினுக்கிய கறுப்புச் சப்பாத்து. வேலையிடத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு நீல உடுப்பை மாட்டுவார். பிறகு திரும்ப இதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். வங்கி மனேஜர் என்று பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி கனகாலம் நினைத்திருந்தாள். நானும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அயன்பெட்டியை எடுத்தால் கிழமை முழுவதற்குமான காற்சட்டைகளுக்கு மடிப்பு வைத்துத்தான் எழும்புவார். அந்த வேலையில் மட்டும் என்னை நம்பமாட்டார். காலையில் வெளிக்கிட்டு, வாசலில் நின்று, ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி கேட்பார்.

"மடிப்பு நேரா இருக்கோ?"

"ஓம், ஓம்."

நான் குசினியில் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டு நிற்பேன். வீட்டுக்குள் இருக்கிற கடிகாரத்தின் சத்தம் மாதிரித்தான் அந்தக் கேள்வியும் பதிலும்.

இந்த மடிப்புப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் உண்டு. இவர் ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதிகளை வைத்திருந்த ஹைம் விடுதியில் எங்கள் ஆட்கள் எல்லாருக்குமாக ஒரேயொரு கோட்டும் காற்சட்டையும்தான் இருந்ததாம். விசாரணைக்கு யாருக்கு டெர்மின் என்று நாள் குறித்து வருகிறதோ, அன்றைக்கு அது அவருக்கு. ஒழுங்காக உடுத்திக்கொண்டு போனால்தான் அதிகாரி சொல்வதை நம்புவான் என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. அதன் சொந்தக்காரர் நல்ல மொத்தமான மனிதர். இவரோ அப்போது ஈர்க்குக்குச்சி. முதல் நாள் காற்சட்டையில் தண்ணீர் தெளித்து, மெத்தைக்குக் கீழே வைத்து, மேலே படுத்து மடிப்பு எடுத்திருக்கிறார். அடுத்த நாள் அதிகாரி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, இவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னாராம். ஊரில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் காற்சட்டை விழுந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது என்பார். அவருக்கு இருக்க அனுமதி கிடைத்தது. சொன்ன கதைக்குக் கிடைத்ததா, மடிப்புக்குக் கிடைத்ததா என்று கேட்டால் இன்றைக்கும் மடிப்பு என்றுதான் சொல்வார். மறுத்துப் பேச எனக்கு உரிமை இல்லை, நான் பிறகு கலியாணம் கட்டி வந்தவள்.

போன மாரியில் இவருக்குக் குடலில் ஒரு கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடைபாதையில் இருந்து அழுதேன். பிறகுதான் மற்ற வார்த்தைகள் வந்தன. இடது பக்க வயிற்றில் ஒரு துவாரம் வைத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டிவிட்டிருந்தார்கள். மலம் இனி அந்தப் பைக்குள்தான் போகும், அது நிரந்தரம். பழகிவிடும் என்றார் டொக்டர். அவருக்கென்ன, அவர் பெல்ட் கட்டிக்கொண்டு நின்றார்.

பெல்ட் விழுகிற இடத்தில்தான் பை இருக்கிறது. மடிப்பு வைத்த காற்சட்டையை இடுப்பில் இறுக்கினால் அது பையை அழுத்தும், அழுத்தினால் ஒட்டு விடும், ஒட்டு விட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. ஒரு முறை பிடிவாதமாகப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய், பூசை முடியமுன்னரே திரும்பி வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் கட்டுகிற சாரத்தோடு சன்னலுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார்.

கொம்பனி நல்ல மாதிரி நடந்துகொண்டது. இடத்தை வைத்திருந்தார்கள். முதலில் நாளுக்கு நாலு மணித்தியாலம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம் என்று ஒழுங்கு செய்தார்கள். ஏலாது என்றால் பென்ஷனுக்கு எழுதித் தருகிறேன் என்றார் டொக்டர். இவர் அந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பென்ஷன் எடுக்கப்போறன். காணும்."

"உங்களுக்கு வேலை செய்யேலாதோ?"

"ஏலும்."

"பிறகென்ன?"

"வெளியில போக உடுப்பில்லை."

சின்னப்பிள்ளை சொல்வது போலச் சொன்னார். சிரித்திருக்கவேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. காலையில் நான் வைத்துவிட்டுப் போகிற தேத்தண்ணீர் பின்னேரம் வரும்போது அப்படியே ஆறிக்கிடந்தது. சவரம் செய்வதை விட்டுவிட்டார். யாரும் பார்க்க வந்தால் நித்திரை என்று சொல்லச் சொன்னார். கட்டியில் இருந்து பிழைத்த மனிதரை ஒரு காற்சட்டைக்குக் கொடுத்துவிடப் போகிறேனோ என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரித் தாதி தோள்பட்டி போடச் சொல்லியிருந்தாள். இடுப்புத் தளர்ந்த காற்சட்டையைத் தோளில் இருந்து தொங்கவிடுகிற இரண்டு நாடா. வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிட்டேன். கண்ணாடியைப் பார்த்தார்.

"மற்றவன்ர காற்சட்டை மாதிரி இருக்கு."

இடுப்பைச் சுற்றித் துணி தொளதொளவென்று நின்றது. அவருடைய கை தன்பாட்டில் போய் அதைப் பிடித்துக்கொண்டது. நான் தோள்பட்டியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

மியூனிக்கில் வேலை செய்கிற மகள் தொலைபேசியில் வந்தாள். "அப்பா, எங்கட பொஸ்ஸே ஹூடியோடதான் வாறார். இப்ப ஆரப்பா பெல்ட் கட்டுகினம்?"

"அவர் பொஸ். அவர் சாரத்தோடயும் வரலாம். நான் இஞ்ச அகதியா வந்தவன், பிள்ளை."

அவள் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். நான் வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

கடைசியில், வேலைக்குத் திரும்பவேண்டிய திங்கட்கிழமைக்கு முந்திய வியாழக்கிழமை, இவரை என் கடைக்கே இழுத்துக்கொண்டு போனேன். கடை திறக்கிற நேரம், ஆட்கள் இல்லை. கடும் நீலத்தில், மினுங்காத தடித்த துணியில், கால் நேராக இறங்குகிற ஒன்றை எடுத்தேன். இடுப்புப் பட்டி அகலமாக, மெத்தென்று, பைக்கு மேலாக ஏறி நிற்கும். மேலே போட, கொலர் வைத்த பின்னல் சேட்டு, இடுப்புக்குக் கீழே வரை நீளம். அதற்கு மேல், உள்ளே விறைப்புத் துணி வைக்காத, எலும்பில்லாத கோட் ஒன்று, பின்னல் துணியில் தைத்தது. சேட்டை உள்ளே விடத் தேவையில்லை, பை இருப்பது தெரியாது. திரைக்கு வெளியே நின்றுகொண்டு பழக்கதோஷத்தில் தொடங்கிவிட்டேன்.

"கயிற்றை உள்ளே விட்டுவிடுங்கோ. தோள் சரியா இருக்கோ எண்டு கையைத் தூக்கிப் பாருங்கோ. துணி நல்லா இழுபடும், நாள் முழுக்க இருந்தாலும்..."

"என்னோட கடைக் கதை கதையாதேயும்" என்றார் திரைக்குள் இருந்து.

வெளியே வந்தார். உண்மையைச் சொன்னால், அழகாக இருந்தார். மெலிந்த உடம்புக்கு அந்தக் கோட் சொந்தத் தோல் போல இருந்தது. எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாகக்கூட இருந்தது, இந்த வயதில். அவர் கையை இடுப்புக்குக் கொண்டுபோய்ப் பெல்ட்டைத் தேடினார். அது இல்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

நான் என் வசனத்தைச் சொன்னேன். "பயப்படாதேங்கோ. இது ஜொக்கிங் காற்சட்டை எண்டு ஒருத்தரும் கவனிக்கமாட்டினம்."

"சரி" என்றார்.

இவ்வளவு லேசாக முடிந்ததே என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஆச்சரியம். லேசாக முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் சோபாவில் காலை நீட்டிக் கிடந்தேன். சனிக்கிழமை கடையில் மலிவு விற்பனை, இருக்கக்கூட நேரமில்லை, முழங்காலுக்குக் கீழே இரண்டும் என்னுடையவை போல இல்லை. அறைக்குள் அயன்பெட்டி மூசுகிற சத்தம் கேட்டது. மனிதர் பழையபடி அயன் பண்ணுகிறார் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு மணம் வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற மணம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜொக்கிங் காற்சட்டையை மேசையில் நீட்டிவைத்து, இரண்டு காலுக்கும் மடிப்பு வைத்திருந்தார். அதுவும் பருத்திக்கு வைக்கிற சூட்டில். மினுங்காத துணி என்று நான் தேடித் தேடி எடுத்த துணியில், வலது கால் நெடுகிலும் கண்ணாடி போல ஒரு கோடு மினுங்கியது. இடது காலிலும் அரைவாசிக்கு வந்திருந்தது.

ஜெர்மனியில் இத்தனை லட்சம் ஆண்கள் இந்தக் காற்சட்டை போடுகிறார்கள். அதற்கு மடிப்பு வைக்க எங்கள் ஆள் ஒருவரால்தான் முடியும்.

"உதுக்கு ஆராவது அயன் பண்ணுவினமோ! உங்களுக்கென்ன விசரோ!"

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். நாளைக்கு வேலை. இன்றைக்கு ஞாயிறு, இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பொத்தான் வாங்கவும் கடை இல்லை. மாதக்கணக்கில் கெஞ்சி, மிரட்டி, சுமந்து கொண்டுவந்து வாசலில் நிறுத்திய மனிதர், அயன்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மடிப்பில்லாமல் எப்பிடிப் போறது?" என்றார். கோபமில்லை, உண்மையாகவே கேட்டார். பிறகு, "சரி விடும். கடவுளே வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். நான் போகேல்லை" என்று அயன்பெட்டியின் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

அந்த வயரைச் சுற்றிய விதம்தான். ஆறுதலாக, ஒழுங்காக, இனி எடுக்கப்போவதில்லை என்பதுபோலச் சுற்றினார். எனக்கு அழுகை வந்தது. களைப்பில் வந்ததா, பயத்தில் வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. அழுதுகொண்டே அலுமாரிக்கு மேலே இருந்த தையல் மெஷினை இறக்கினேன்.

காலின் முன்புறம் நெடுகத் தைத்து வருகிற ஜொக்கிங் காற்சட்டைகள் எங்கள் கடையில் இருக்கின்றன. அந்தத் தையல் மடிப்புப் போலவே நிற்கும். காற்சட்டையை உட்புறம் திருப்பி, மினுங்குகிற கோட்டை நடுவில் பிடித்து மடித்து, அதன் ஓரமாகத் தைத்துக்கொண்டு போனேன். மினுக்கம் உள்ளே போய்விட்டது. வெளியே இடுப்பிலிருந்து கால்வரை ஒரு மெல்லிய கோடு. இடது காலையும் அதே மாதிரி. பின்னல் துணி, மெஷினுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு முதுகு நொந்தது. இடது காலில் முழங்காலுக்குக் கிட்டத் தையல் கொஞ்சம் விலகிவிட்டது. பிரித்துத் தைக்கவேண்டும் என்று தெரியும். ஏலவில்லை. ஒருவரும் கவனிக்கமாட்டார்கள் என்று எனக்கே என் வசனத்தைச் சொல்லிக்கொண்டு நூலை வெட்டினேன்.

இவர் பக்கத்தில் கதிரையில் இருந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு காலையும் மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாயிருக்கு" என்றார். மடித்துக் கதிரையில் வைத்தார்.

திங்கட்கிழமை போனார். சவரம் செய்து, கோட் போட்டு, கழுவிய வெள்ளைச் சப்பாத்தோடு. நான் அன்றைக்கு லீவு எடுத்திருந்தேன், என்னவாவது நடந்தால் ஓடிப்போகலாம் என்று. மத்தியானம் கதவு திறந்த சத்தத்துக்கு வாசலுக்கே போய்விட்டேன்.

"என்ன சொன்னவை?"

"நல்லாச் சந்தோஷப்பட்டவை. கேக் வெட்டினவை."

"உடுப்பைப் பற்றி?"

"ஒண்டும் சொல்லேல்லை. ஒருத்தரும் கவனிக்கேல்லை."

"நான் சொன்னனான்தானே!" என்றேன். வெற்றி எனக்கு.

அவர் கதிரையில் இருந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். "ஓம். நீர் சொன்னனீர்." மற்ற நாடாவையும் அவிழ்த்துவிட்டு, "அப்ப முந்தியும் ஒருத்தரும் கவனிச்சிருக்கமாட்டினம், என்ன?" என்றார்.

எத்தனையோ ஆண்களின் தோளைத் தளரவைத்த என் வசனம், அந்தக் கதிரையில் இருந்து திரும்பி வந்தபோது எனக்கே அடித்தது போல இருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை மடிப்புகள். நான் சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார். பையை மாற்றிவிட்டுப் படுத்தார். நாளைக்குப் போவாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான் குசினியில் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். வாசலில் சப்பாத்துச் சத்தம். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து கேட்காத கேள்வி.

"மடிப்பு நேரா இருக்கோ?"

ஓம், ஓம் என்பது வாய்வரை வந்துவிட்டது. கத்தியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். முழங்காலை ஊன்றிக் கீழே இருந்து, முதலில் வலது கால், பிறகு இடது கால், இடுப்பிலிருந்து சப்பாத்துவரை பார்த்தேன்.

"வலது கால் சரி. இடது காலில, முழங்காலுக்குக் கிட்டக் கோணல்."

"எனக்குத் தெரியும்" என்றார். "ஞாயிற்றுக்கிழமையே கண்டனான்."

"கண்டனீங்களோ? பிறகேன் சொல்லேல்லை? பிரிச்சுத் தைச்சுத் தந்திருப்பனே."

"நீர் களைச்சுப்போய் இருந்தனீர்."

கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து, இவர் கோணல் மடிப்போடு வேலைக்குப் போனது அந்தக் கிழமை மட்டும்தான்.